ஒற்றைக் காசு ஆட்டம்

பஹ்ரம்ப், நெவாடா
செப்டம்பர் 9, 1996

மதிப்புக்குரிய திருமதி ப்ரிஸ்கோ,

நேற்றைய செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில், பழைய டயர் விற்பனைக்கும் காணாமல்போன பூனைக்கும் நடுவில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். 'வீடியோ போக்கர் ஆட்டத்துக்கு வழிகாட்டி அட்டை. உங்கள் நோக்கத்துக்கு ஏற்றபடி தயாரித்துத் தரப்படும். ஆறு டாலர்.' காசோலையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் நோக்கம் சிக்கலானது இல்லை. கையில் நாற்பது டாலர். நான்கு மணி நேரம் ஆட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. இப்போது இரண்டு மணி நேரத்திலேயே கை காலியாகிவிடுகிறது. மீதி நேரம் வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். காவலாளி என்னைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டான்.

பணக்காரனாகும் ஆசை இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாநில நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தாறு வருடம் சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டியவன் நான். உட்காருவது பழக்கம்தான். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

அட்டையைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆரின் டகெட்


போல்டர் சிட்டி, நெவாடா
செப்டம்பர் 15, 1996

திரு. டகெட் அவர்களுக்கு,

உங்கள் காசோலையை இன்னும் வங்கியில் போடவில்லை. மேசை மேல்தான் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

எனக்கு எழுதுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் 'ஜெயிக்க வேண்டும்' என்று எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு அட்டை போட முடியாது. எவ்வளவு இழக்கத் தயார், எவ்வளவு நேரம் இருக்கிறது, பெரிய பரிசு வேண்டுமா, சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தால் போதுமா என்று நான்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 'உட்கார்ந்திருக்க வேண்டும்' என்று எழுதிய முதல் ஆள் நீங்கள்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நீங்கள் ஆடும் இயந்திரத்தின் முகப்பில், போட்ட ஒரு காசுக்கு, மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸுக்கு எத்தனை காசு, ஐந்தும் ஒரே பூவாக வரும் ஃப்ளஷுக்கு எத்தனை காசு என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். இரண்டாவது, ஏன் நான்கு மணி நேரம்? மூன்றரை இல்லை, ஐந்து இல்லை. யாரோ எங்கோ கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அது யார் என்று தெரியாமல் நான் போடும் அட்டை உங்களுக்கு உதவாது.

நான் பள்ளி நிர்வாகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். துணி துவைக்கும் அறையில் ஒரு கணினி வைத்திருக்கிறேன், அதுதான் கணக்குப் போடுகிறது. நான் ஆடுவதில்லை. ஆறு வருடமாயிற்று. இந்த ஊரில் சூதாட்டத்துக்குச் சட்டப்படியே இடமில்லை. அதற்காகத்தான் இங்கே குடிவந்தேன்.

ரொவீனா ப்ரிஸ்கோ


பஹ்ரம்ப்
செப்டம்பர் 21, 1996

திருமதி ப்ரிஸ்கோ,

நீங்கள் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஃபுல் ஹவுஸுக்கு எட்டு, ஃப்ளஷுக்கு ஐந்து.

நான்கு மணி நேரம் என் மனைவியுடையது. மேவிஸ். அறுபத்தேழு வயது. போன இலையுதிர் காலத்தில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் லாஸ் வேகஸில் டயாலிசிஸ்; ஆஸ்பத்திரி முகவரி தாளின் பின்பக்கம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார வைத்தால் இரண்டு மணிக்கு அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து மலையேறி இறங்கி அங்கே போக ஒன்றேகால் மணி நேரம். இடையில் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது.

முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, அந்தப் பெட்டிக்குள் போய், மறுபடி அவளுக்குள் போகிறது. என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து நிற்பேன், ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன். ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள்.

"ஆரின், நீ காலாட்டிக்கிட்டே இருந்தா எனக்கு ரத்த அழுத்தம் ஏறுது. நர்ஸ் உன்னத்தான் பார்த்துக்கிட்டிருக்கா. எங்கயாவது போயிட்டு வா."

"எங்க போறது?"

"லைப்ரரிக்குப் போ. புஸ்தகம் படி. அறுபத்தொம்பது வயசுல படிச்சா ஒண்ணும் கெட்டுப்போயிடாது."

சரியென்று கிளம்பினேன். வழியில் ஒரு மதுக்கடை. உள்ளே குளுகுளு என்று இருந்தது. மேடையிலேயே போக்கர் இயந்திரம் பதித்திருந்தார்கள். நூலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மேவிஸ் கேட்டால், ரயில்பாதை போட்ட கதை ஒன்று படிக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போதுமா? இப்போது அட்டையை அனுப்புவீர்களா?

ஆரின் டகெட்


போல்டர் சிட்டி
செப்டம்பர் 26, 1996

அன்புள்ள திரு. டகெட்,

அட்டை இணைத்திருக்கிறேன். சட்டைப்பையில் அடங்கும்.

முதலில் அந்த மதுக்கடையை விட்டுவிடுங்கள். எட்டும் ஐந்தும் தரும் இயந்திரத்துக்குப் பசி அதிகம். நீங்கள் முகவரி எழுதிய ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய மளிகைக் கடை இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில், சாமான் தள்ளும் வண்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தையொட்டி ஆறு இயந்திரங்கள். அதில் சுவரோரம் இருக்கும் இரண்டு, ஒன்பதும் ஆறும் தருபவை. போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார்.

அடுத்து, ஒரு ஆட்டத்துக்கு ஐந்து கால் டாலர் காசு போடாதீர்கள். எல்லோரும் ஐந்து போடச் சொல்வார்கள். ஐந்து போட்டால்தான், ஒரே பூவில் பத்து முதல் ஏஸ் வரை ஐந்தும் வரும் ராயல் ஃப்ளஷுக்கு நாலாயிரம் காசு. ஒரு காசு போட்டால் வெறும் இருநூற்றைம்பது. பரிசு வேண்டும் என்பவருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டியது நேரம். ஒரே ஒரு கால் டாலர் போட்டு ஆடுங்கள். நாற்பது டாலர் அநேகமாக எல்லா நாளும் நான்கு மணி நேரம் தாங்கும்.

ஃப்ளஷ் வந்து, அதில் நான்கு சீட்டு ராயலுக்குப் போகிற மாதிரி இருந்தாலும் உடைக்காதீர்கள். கணக்குப்படி உடைப்பதில் கொஞ்சம் லாபம் உண்டு. அந்த லாபம் வேறு ஒருவருக்கு.

கடைசியாக, மெதுவாக ஆடுங்கள். சீட்டு வந்ததும் கையை எடுத்துவிட்டு ஒரு வாய் காபி குடியுங்கள்.

மேவிஸுக்கு இந்தக் கடிதங்கள் பற்றித் தெரியாது என்று எடுத்துக்கொள்கிறேன். அது உங்கள் வீட்டு விவகாரம்.

ரொவீனா ப்ரிஸ்கோ


பஹ்ரம்ப்
நவம்பர் 23, 1996

அன்புள்ள ரொவீனா,

பெயர் சொல்லி எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இரண்டு மாதமாக உங்கள் கையெழுத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

அட்டை வேலை செய்தது. அக்டோபர் முழுவதும் ஒரே ஒருநாள்தான் இரண்டு மணிக்கு முன் முக்காலியை விட்டு எழுந்தேன். சில நாள் நாற்பதுக்கு மேலேயே கையில் இருந்தது. அதில் மேவிஸுக்குக் கம்பளிச் செருப்பு வாங்கினேன். காபி குடித்துக் குடித்து வயிறு எரிகிறதே தவிர வேறு குறையில்லை.

நேற்று இரண்டு விஷயம் நடந்தன.

பதினொன்றரை மணி இருக்கும். ஆர்ட்டின் பத்து, ஜாக், ராணி, ராஜா. கூடவே ஒரு கிளாவர் மூன்று. கிளாவர் மூன்றை மட்டும் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஆர்ட்டின் ஏஸ் வந்து உட்கார்ந்தது. ராயல் ஃப்ளஷ். வாழ்நாளில் முதல் தடவை. மணி அடிக்கும் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. இருநூற்றைம்பது காசு கலகலவென்று கொட்டி நின்றுவிட்டது. பக்கத்து முக்காலியில் ஒரு அம்மாள், முட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"ஒத்தக் காசா போட்டீங்க?"

"ஆமா."

"அட பாவமே. ஆயிரம் டாலர் போச்சே."

"அறுபத்திரண்டரை வந்திருக்கே."

அவள் துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

நீங்கள் சொன்னபடிதான் ஆடினேன், உங்கள் மேல் குற்றமில்லை. எனக்கும் அப்போது வருத்தமில்லை. வருத்தம் பிறகு வந்தது. திரும்பும்போது மலை உச்சியில் மேவிஸ் சொன்னாள், "வசந்த காலம் வரைக்கும் பார்ப்போம் ஆரின். அப்புறம் நிறுத்திடலாம்னு இருக்கேன்." வீட்டுக்கு வர்ணம் அடிப்பதைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள். அவள் நிறுத்தலாம் என்று சொன்னது அந்தப் பெட்டியைத்தான். நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள். டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார்.

 வண்டியை ஓட்டினேன்.

இரவெல்லாம் யோசித்தேன். இந்த மலைப்பாதைதான் அவளை வாட்டுகிறது. ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துவிட்டால் தொடர்வாள். முன்பணமும் சாமான் மாற்றும் செலவும் நாலாயிரத்துக்குள் அடங்கும். டாலர் காசு போடும் இயந்திரத்தில் ஐந்து போட்டு ஒரு ராயல் வந்தால் நாலாயிரம் டாலர். கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள்.

என் நோக்கம் மாறிவிட்டது ரொவீனா. ராயலுக்கான அட்டை வேண்டும். ராஜா ஜோடி வந்தாலும் உடைத்துவிட்டு ராயலுக்குப் பொருந்தும் மூன்று சீட்டை வைத்துத் துரத்துவார்களாமே, அந்த மாதிரி. இன்னொரு ஆறு டாலர் இணைத்திருக்கிறேன். சீக்கிரம் அனுப்புங்கள்.

ஆரின்


போல்டர் சிட்டி
நவம்பர் 29, 1996

ஆரின்,

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. ஒரு சாயங்காலத்தில் படியெடுத்து எழுதிவிடலாம். ராயல் சராசரியாக நாற்பதாயிரம் ஆட்டத்துக்கு ஒருமுறை வரும்; துரத்தினால் கொஞ்சம் முன்னால் வரும், வழியில் மற்றதெல்லாம் குறையும். நாளைக்கே வரலாம். அடுத்த வருடமும் வராமல் போகலாம். டாலர் இயந்திரத்தில் ஒவ்வொரு ஆட்டமும் ஐந்து டாலர். நீங்கள் தேடும் முன்பணத்தைப் போலப் பல மடங்கு கையிருப்பு உள்ளவர்தான் அதில் உட்காரலாம். அப்படிப்பட்டவருக்கு முன்பணம் ஒரு கவலையாகவே இருக்காது.

இன்னொன்று. நீங்கள் எனக்கு எழுதிய மூன்று கடிதத்திலும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று இருக்கிறது. மேவிஸுக்கு மலைப்பாதைதான் கஷ்டம் என்று மேவிஸ் சொன்னாரா, நீங்களாக முடிவுசெய்தீர்களா? கேட்டுப் பாருங்கள்.

இப்படிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஜூலை மாதம் ஒருநாள் 'பத்து நிமிஷம்' என்று சொல்லிவிட்டு என் கணவர் டுவெய்னைக் காரில் உட்கார வைத்துவிட்டுச் சூதாட்டக் கூடத்துக்குள் போனேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். கார் இல்லை. டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனால் என் பெட்டிகளை வாசற்படியில் வரிசையாக வைத்திருந்தார். கோபமாக வைத்த மாதிரிகூட இல்லை, ஒழுங்காக அடுக்கியிருந்தார். இப்போது ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறார். அந்த மூன்று மணி நேரமும் நான் அவருக்காகத்தான் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு புதிய டிரக் வாங்கித் தரும் திட்டம். அவர் என்னிடம் டிரக் கேட்டதே இல்லை.

ரொவீனா


பஹ்ரம்ப்
ஜனவரி 18, 1997

ரொவீனா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஆறு டாலருக்கு அட்டை கேட்டால் உபதேசம் வருகிறது என்று திட்டினேன். பிறகு என் அலுமினியப் படகை விற்றேன். மீன் பிடிக்கப் போய் இரண்டு வருடமாகிறது, யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பணத்தோடு டாலர் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். அட்டை இல்லாமலே துரத்தினேன். ராஜா ஜோடியை உடைத்தேன், ராணி ஜோடியை உடைத்தேன். ஐந்து தடவை போனேன். ஐந்தாவது தடவை, இந்த வாரம் புதன்கிழமை, படகு முழுக்கத் தீர்ந்தது.

அன்றைக்கு மணி பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது இரண்டு ஐம்பது. ஓடினேன். இந்த வயதில் இரண்டு தெரு ஓடினேன். மேவிஸ் வாசல் கூடத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மறு கையால் பிடித்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.  வண்டி ஊரைத் தாண்டியதும் பேசினாள்.

"லைப்ரரில இப்பல்லாம் சிகரெட் பிடிக்க விடறாங்களா ஆரின்?"

"என்ன?"

"ஒரு வருஷமா உன் சட்டை நாறுது. ஒரே ரயில் புஸ்தகத்த ஒரு வருஷமா படிக்கிற ஆள நான் பார்த்ததில்ல. ரயிலு எங்க வரைக்கும் வந்திருக்கு?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"அந்த அட்டையும் பார்த்தேன். துவைக்கப் போடும்போது பாக்கெட்ட பார்க்க மாட்டேனா? யாரு இந்த ரொவீனா? கையெழுத்து நல்லா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். படகையும் சொன்னேன். அவள் படகை விற்றதைக் கேட்டுத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டாள். பிறகு நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். மலைதானா கஷ்டம், பக்கத்திலேயே வீடு பார்த்தால் தொடர்ந்து வருவாயா என்று.

"ஆரின், அந்த மலைப்பாதைல வர்ற நேரந்தான் நீ ஒரு இடத்துல உக்காந்து எங்கிட்ட பேசற. அது எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிக்காதது அந்த ஊசி. மறுநாள் பூரா துணி மாதிரி கெடக்கறது. அப்புறம் தண்ணி."

"தண்ணியா?"

"ஒரு நாளைக்கு நாலு கப்புதான் குடிக்கலாம்னு கணக்கு. உனக்குத் தெரியாதா? நான் ஐஸ்கட்டிய வாய்ல அடக்கிக்கிட்டுப் பாலைவனத்துல ஒக்காந்திருக்கேன். தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, ஆரஞ்சு கூடாது. நம்ம தோட்டத்துத் தக்காளிய எட்டு வீட்டுக்குக் குடுத்தேன் போன வருஷம். ஒண்ணு நான் திங்கல."

நாற்பத்து மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவள். அவள் தண்ணீரை அளந்து குடிப்பது எனக்குத் தெரியும். அதை அவள் இவ்வளவு நினைத்துக்கொண்டிருப்பது தெரியாது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆரின்


போல்டர் சிட்டி
ஜனவரி 24, 1997

அன்புள்ள ஆரின்,

எனக்குத் தெரியாது.

நான்கு நாளாக உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்ததில் மிஞ்சியது இதுதான். சீட்டாட்டத்தில் எனக்குத் தெரிந்ததை இதற்குப் பொருத்தி ஏதாவது எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அது அசிங்கம். அதைச் செய்ய மாட்டேன்.

திங்கட்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். கால் ஆடினால் ஆடட்டும். ஒரு சீட்டுக்கட்டு எடுத்துப் போங்கள், கைக்கு வேலையாக இருக்கும்.

ரொவீனா


பஹ்ரம்ப்
மார்ச் 9, 1997

அன்புள்ள ரொவீனா,

உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு தடவை வெளியே ஓடிவிட்டுத் திரும்பினேன். இப்போது ஒரு தடவைதான். குழாய்களைப் பார்க்காமலிருக்க நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். நர்ஸ் ஒன்றும் சொல்வதில்லை.

சாப்பாட்டுப் பலகையில் சீட்டு போடுகிறேன். மேவிஸுக்கு ஒரு கைதான் பயன்படும். நான் ஐந்து சீட்டைத் திருப்பி வைப்பேன், எதை வைத்துக்கொள்வது என்று அவள் விரலால் தொடுவாள். படுமோசமாக ஆடுகிறாள். ஜோடி கையில் இருக்கும்போது அதோடு ஒரு ஏஸையும் வைத்துக்கொள்கிறாள். எந்த அட்டையிலும் அப்படி இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பழைய பஸ் ஓட்டுநர், அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, "அந்தம்மா சொல்றபடி போடுய்யா" என்று என்னை அதட்டுகிறார்.

ஈஸ்டருக்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமை கடைசி. டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். நான் வேண்டாம் என்று கடைசியாக ஒருமுறை சொன்னேன், டாக்டர் முன்னாலேயே. மேவிஸ் என் முழங்காலில் கை வைத்தாள், அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஏப்ரலில் தக்காளி காய்க்காது. கடைத் தக்காளிதான். பரவாயில்லை என்கிறாள்.

அவள் ஏதோ எழுத வேண்டுமாம்.

ஆரின்

ரொவீனா, நான் மேவிஸ். நோக்கத்துக்கு ஏற்றபடி என்று விளம்பரம் போட்டீர்களாமே. எனக்கு ஏஸ் பிடிக்கும். வைத்துக்கொள்வேன். இவருக்கு அது புரிய மாட்டேன் என்கிறது. இவர் கடிதம் எழுதுவார் என்றே எனக்குத் தெரியாது. என்னைக் கல்யாணம் செய்வதற்கு முன்னால்கூட எழுதியதில்லை. நான் போன பிறகும் எழுதினால் பதில் போடுங்கள்.


போல்டர் சிட்டி
ஏப்ரல் 27, 1997

அன்புள்ள ஆரின்,

செய்தித்தாளில் பார்த்தேன். மேவிஸ் டகெட், அறுபத்தேழு, ஏப்ரல் பதினைந்து. முடி அலங்காரம் செய்பவராக இருந்தார் என்று போட்டிருந்தது. எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம், ஆனாலும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதத் தோன்றினால் எழுதுங்கள்.

ரொவீனா


போல்டர் சிட்டி
ஜூன் 8, 1997

அன்புள்ள ஆரின்,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. எழுத வேண்டியதில்லை என்று நானேதான் எழுதினேன், ஆனாலும் தினம் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கலாம். 'கேட்டுப் பாருங்கள்' என்று எழுதியவள் நான்தானே. எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் யோசிக்கிறேன்.

போன புதன்கிழமை ஒரு காரியம் செய்தேன். காரை எடுத்துக்கொண்டு அந்த மளிகைக் கடைக்குப் போனேன். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று நினைத்தேன். மோசமாக ஆடிக்கொண்டிருப்பீர்கள் என்று பயந்தேன். கல்லாவில் இருந்த பெண்ணிடம் உங்கள் பெயர் சொல்லி விசாரித்தேன். அவளுக்குத் தெரியவில்லை. சரி, கொஞ்ச நேரம் காத்திருக்கலாம் என்று சுவரோரம் இருந்த இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். வேறு முக்காலி இல்லை. பிறகு, சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று ஒரு நோட்டைப் போட்டேன்.

ஏழு வருடம் ஆகப்போகிறது ஆரின். விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. எத்தனை நேரம் ஆடினேன் என்று தெரியாது, இருபது நிமிடமாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம். நீங்கள் வந்திருந்தாலும் நான் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன் என்று திடீரென்று தோன்றியது. எழுந்தேன். கார் ஓட்டி வந்தது நினைவில்லை.  மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. மறுபடி போய்விடுவேனோ என்று கார் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். விளம்பரத்தை நிறுத்திவிட்டேன்.

ரொவீனா


பஹ்ரம்ப்
ஜூலை 6, 1997

அன்புள்ள ரொவீனா,

ஆமாம், கோபம் இருந்தது. ஒரு மாதம் நன்றாகவே இருந்தது. நான் கேட்காமல் விட்டிருந்தால் அவள் கிறிஸ்துமஸ் வரை வந்திருப்பாள் என்று உங்களைத் திட்டிக்கொண்டே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவேன். அப்புறம் அது அடங்கிவிட்டது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.

பதினொரு நாள் இருந்தாள். முதல் வாரம் நன்றாக இருந்தாள். பெரிய கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, "போதும்பா, வயிறு வலிக்குது" என்று சிரித்தாள். தக்காளியை உப்புப் போட்டு, கையால் பிடித்துச் சாப்பிட்டாள். உருளைக்கிழங்கு நான் வறுத்தேன், கருக்கிவிட்டேன், அதையும் சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணி வரை தூங்கினாள். நான் எழுந்து எழுந்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அதிகமாகத் தூக்கம்தான். வலி இல்லை என்றார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். வெளியே ஓடவில்லை.

அதற்குப் பிறகுதான் தொந்தரவு. திங்கட்கிழமை எட்டரை ஆனால் நான் டிரக்கில் போய் உட்கார்ந்திருப்பேன். எங்கே போக என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். மே மாத நடுவில் ஆஸ்பத்திரி நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், அழைத்து வர ஆள் இல்லாமல் ஒருவர் வாரம் ஒரு நாள் தவறவிடுகிறார், நீங்கள் எப்படியும் சும்மா இருக்க மாட்டீர்கள், முடியுமா என்று கேட்டாள். இப்போது அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒருவர் வழியெல்லாம் அரசாங்கத்தைத் திட்டுவார். இன்னொரு அம்மாள் ஏறின உடனே தூங்கிவிடுவாள். அவர்கள் நாற்காலியில் இருக்கும் நேரத்தில் அவர்களுக்கு வேண்டிய சாமான்களை வாங்குகிறேன். உப்பில்லாத ரொட்டி எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை.

அதனால் அந்தப் புதன்கிழமை நான் கடையில்தான் இருந்தேன், ரொவீனா. ரொட்டி அலமாரிக்கு இந்தப் பக்கம். கல்லாவில் ஒரு பெண்மணி என் பெயரைச் சொல்வது காதில் விழுந்தது. நீங்கள்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. பச்சைத் தொப்பி வைத்திருந்தீர்கள். நான் வரவில்லை. வந்து என்ன சொல்வது என்று தெரியவில்லை, கோபமும் மிச்சம் கொஞ்சம் இருந்தது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஐந்து காசு போட்டு ஆடினீர்கள். என்ன வேகம். நான் அப்படி ஒருவர் ஆடிப் பார்த்ததில்லை. நாற்பது நிமிடம் ஆடினீர்கள், இருபது இல்லை.

திடீரென்று எழுந்தீர்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து போய்விட்டீர்கள். கூப்பிடலாம் என்று பின்னால் வந்தேன். அப்போதுதான் திரையைப் பார்த்தேன். காசு மீதி இருந்தது. நாற்பத்தாறு. நீங்கள் அதை எடுக்காமலே போயிருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன், கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த மாதிரி இடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசிக் காசு வரை ஆடாமல் எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பொத்தானை அழுத்தி, கீழே விழுந்ததை எண்ணிக்கொண்டுதான் போவார்கள். அப்படியே விட்டுவிட்டு நடந்தவரை நான் பார்த்தது ஒரே தடவை.

பொத்தானை அழுத்தி எடுத்து வைத்தேன். பதினொன்றரை டாலர். காசோலையாக இணைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் தக்காளி இந்த வருடம் ஏராளம், எட்டு வீட்டுக்குக் கொடுத்தும் மிஞ்சுகிறது. நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. மற்ற மூன்று நாள் நான் வண்டி ஓட்டுகிறேன்.

ஆரின்